கணிப்பொறியும் முற்றும்மையும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் துறை)

தமிழில் 'உம்' என்று ஓர் இடைச்சொல் உண்டு. தனித்து நிற்கத் தெரியாத சொல். வேறொரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே வாழ்வது. அது எட்டுப் பொருளில் வரும் என்று இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்தும் இருக்கிறோம். அந்த எட்டில் ஒன்று முற்றும்மை. 'ஆறு சான்றிதழ் கொடுத்தான்' என்பது ஒரு செய்தி. 'ஆறு சான்றிதழும் கொடுத்தான்' என்பது வேறொரு செய்தி. முன்னது எண்ணிக்கை சொல்கிறது. பின்னது, கேட்டவை ஆறு, அவற்றுள் எதுவும் விடுபடவில்லை என்று சொல்கிறது.

கணிப்பொறி படிக்கிறவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று தமிழ்த்துறை நண்பர்கள் புன்னகைக்கக் கூடும். வேலை வந்துவிட்டது, நண்பர்களே! சென்ற கல்வியாண்டில் அந்த 'உம்' இல்லாத குறையால் ஒரு மாணவியின் விடுதிக் கட்டணம் போக இருந்தது.

நம் மாவட்டத்தில் ஏழை மாணவர்க்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளை ஒன்று உண்டு. பெயர் இங்கு வேண்டாம், நல்லது செய்கிறவர்கள். ஆறு ஆவணங்கள் கேட்டிருந்தார்கள்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். ஆறும் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்சேபணை சொல்ல மூன்றே நாள் கெடு.

முதலாண்டு மாணவி ஒருத்தி எங்கள் ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். கடற்கரை ஊர்க்காரி. தந்தை ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். படகு கரைக்கு வந்தால்தான் வீட்டில் காசு புழங்கும். "அண்ணா, நான் எல்லாம் குடுத்தாச்சு. எனக்க பேரு மட்டும் காணல்ல" என்றாள். கையில் ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஆறு அல்ல, ஏழு.

துறைத் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அறக்கட்டளையினர் தங்கள் கணக்கையும், பட்டியல் எடுத்த எஸ்.கியூ.எல். வினாவையும் அனுப்பி வைத்தார்கள். வினா நான்கே வரி. ஆவண அட்டவணையில் ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணு; எண்ணிக்கை ஆறுக்குச் சமமானால் பெயரைக் கொடு. அவ்வளவுதான். அந்தப் பெண் பழைய வருமானச் சான்றிதழை முதலில் கொடுத்து, புதியது கைக்கு வந்ததும் அதையும் கொடுத்திருந்தாள். ஏழு ஆறுக்குச் சமமாகாது. பெயர் போயிற்று!

அதே பட்டியலில் இன்னொரு பெயர் எங்கள் கண்ணில் பட்டது. வங்கிப் புத்தக நகல் தெளிவாக இல்லையென்று இரண்டாம் முறை கொடுத்தவர் அவர். வருமானச் சான்றிதழ் கொடுக்கவே இல்லை. ஐந்து வகை, ஆறு தாள். ஆறும் ஆறும் சமம் என்று கணிப்பொறி மகிழ்ச்சியோடு அவரைச் சேர்த்துவிட்டது. அவருக்கு இது அதிர்ஷ்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பணம் வழங்கும் நாளில் சரிபார்த்து, இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது சான்றிதழ் வாங்க நேரம் இராது. விடுபட்டவளுக்கும் கேடு, சேர்க்கப்பட்டவனுக்கும் கேடு.

'சமம்' என்பதை 'குறையாமல்' என்று மாற்றினால் தீர்ந்ததே என்றான் என் வகுப்பு நண்பன். மாற்றினால் அந்தப் பெண் உள்ளே வருவாள், உண்மைதான். ஆனால் வருமானச் சான்றிதழ் இல்லாதவரும் உள்ளேதான் இருப்பார். போதாக்குறைக்கு, யாரும் கேட்காமலே தேசிய மாணவர் படைச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் வேறு இருந்தார்கள். எனவே செய்ய வேண்டியவை இரண்டு. கேட்ட ஆவணங்களை மட்டும் எண்ண வேண்டும். ஒரே வகை இரு முறை வந்தாலும் ஒன்றென்றே எண்ண வேண்டும். இதற்கு 'டிஸ்டிங்ட்' என்ற சொல்லை எண்ணும் இடத்தில் இட்டால் போதும். மூன்றாவதாக ஒன்றையும் நான் சேர்ப்பேன்: ஆறு என்ற எண்ணை வினாவுக்குள் எழுதி வைக்கவே கூடாது. கேட்கும் ஆவணங்களைத் தனியே ஓர் அட்டவணையில் வைத்து, அதில் எத்தனை உண்டோ அத்தனைக்கு ஒப்பிட வேண்டும். நாளை ஏழு கேட்டால் அட்டவணையில் ஒரு வரி கூடும். வினாவில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி புதியதன்று. தரவுகளை அட்டவணைகளாக, ஒன்றோடொன்று உறவுடையனவாக வைக்கலாம் என்ற கொள்கையை 1970இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர். அதற்காக 1981இல் டூரிங் பரிசு பெற்றவர். 'எல்லாம் உடையவர் யார்?' என்ற கேள்விக்கு 1972இல் அவர் தனியாகவே ஒரு செயலை வகுத்துக் கொடுத்தார். பெயரும் 'வகுத்தல்' என்றே வைத்தார். பெருக்கலுக்கு எதிர் வகுத்தல் அல்லவா? ஐந்து மாணவர், ஆறு ஆவணம், எல்லோரும் எல்லாம் கொடுத்தால் முப்பது வரி. அந்த முப்பதை ஆறு ஆவணங்களால் வகுத்தால் ஐந்து மாணவரும் திரும்பக் கிடைப்பர். யாரேனும் ஒன்று குறைத்திருந்தால் அவர் மட்டும் ஈவில் வரமாட்டார். கொள்கையில் இவ்வளவு அழகாக இருந்த ஒன்று, 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்ட வினா மொழியில், அதாவது இன்றைய எஸ்.கியூ.எல்.லின் முன்னோடியில், ஒரு சொல்லாக இடம் பெறவில்லை. இன்றும் அந்த மொழியில் வகுத்தலுக்கென்று ஒரு சொல் கிடையாது. கூட்டல், கழித்தல், பொது உறுப்புக் காணல் எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. முற்றும்மைக்கு மட்டும் இல்லை. நாமேதான் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். அந்தச் சுற்று வழியில்தான் அறக்கட்டளையின் நான்கு வரி தடுக்கி விழுந்தது.

சரியான வழிகளில் எனக்குப் பிடித்தது எண்ணாத வழி. 'எல்லாம் கொடுத்தவர்' என்று கேட்காமல், 'கேட்ட ஆவணங்களுள் அவர் கொடுக்காதது என்று ஒன்றும் இல்லாதவர்' என்று கேட்பது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற தொடரை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை எழுத வேண்டும். முதல் முறை பார்க்கும்போது தலை சுற்றும். ஆனால் தமிழ் பேசுகிறவனுக்குச் சுற்றத் தேவையில்லை. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று பள்ளியிலேயே நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். 'அவன் வராமல் இரான்' என்றால் வருவான். 'அவள் வீட்டில் இல்லாத பண்டம் இல்லை' என்றால் எல்லாம் உண்டு. வீட்டில் பாட்டி சொல்லும் பேச்சைத்தான் கணிப்பொறியிடம் சொல்கிறோம்.

தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொன்றை எடுத்துக் காட்டினார். 'ஆறும் கொடுக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் என்ன பொருள்? ஒன்றுமே கொடுக்கவில்லை என்றும் கொள்ளலாம். ஆறில் சில கொடுத்தார், முழுதும் கொடுக்கவில்லை என்றும் கொள்ளலாம். எதிர்மறையோடு சேர்ந்தால் முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருள் தரும் என்று பழைய இலக்கணகாரர்களே கண்டு சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் 'இல்லை'யைத் தவறான அடைப்புக்குறிக்குள் போட்டு அல்லல்படுவது இதே மயக்கத்தால்தான்!

இரட்டை எதிர்மறையை எழுதும்போது ஒரு பள்ளம் உண்டு. கீழ்வகுப்பு நண்பர்கள் கவனிக்க. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்பதற்குப் பதிலாக 'நாட் இன்' என்று எழுதலாம், பார்வைக்கு எளிது. ஆனால் மாணவர் கொடுத்த ஆவண வகைகளுள் ஒரு வரி நிரப்பப்படாமல் வெறுமையாக இருந்துவிட்டால், கணிப்பொறி அந்த வெறுமையை 'இல்லை' என்று கொள்ளாது, 'தெரியாது' என்றே கொள்ளும். வருமானச் சான்றிதழ் அந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், 'அந்த வெற்று வரி ஒருவேளை அதுவாக இருக்கலாமே' என்று இழுக்கும். இழுத்தால் குறை கண்டுபிடிக்கப்படாது. சான்றிதழ் கொடுக்காதவரும் எல்லாம் கொடுத்தவராகிவிடுவார். அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் போதும்.

இரட்டை எதிர்மறைக்கு எண்ணலை விடக் கூடுதலாக ஒரு தகுதியும் உண்டு. கேட்கும் ஆவணம் எல்லோர்க்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று உரிமை கோருபவர் அதற்கான சான்றிதழையும் தர வேண்டும். மற்றவர் தர வேண்டியதில்லை. ஒருவருக்கு ஆறு, ஒருவருக்கு ஏழு. எண்ணிப் பார்ப்பவன் இங்கே ஆளுக்கொரு எண்ணைத் தேட வேண்டியிருக்கும். 'இவரிடம் கேட்டவற்றுள் இவர் தராதது ஒன்றும் இல்லை' என்ற வாக்கியமோ அப்படியே நிற்கும். நாங்கள் எழுதிக் கொடுத்தது இதையே. கெடு முடியும் முன்பே அறக்கட்டளையினர் மறு பட்டியல் ஒட்டினார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. சான்றிதழ் விடுபட்டவரிடம் நேரில் சொன்னோம். இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குமாக அலைந்து அவரும் வாங்கி வந்துவிட்டார்.

சோதனைக்காக ஒன்று செய்து பார்த்தேன். கேட்கும் ஆவணங்களின் அட்டவணையை வெறுமையாக்கி வினாவை ஓட்டினேன். கல்லூரியின் அத்தனை மாணவர் பெயரும் வரிசையாக வந்து விழுந்தது! பிழையன்று. ஒன்றுமே கேட்காதபோது, கேட்டதில் எதையும் தராதவர் யாருமில்லை. தர்க்க நூலார் இதை ஒப்புக்கொள்கிறார்கள். பணம் வழங்குகிற கணக்கர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு. ஆகவே அட்டவணை வெறுமையா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

'எந்தப் பட்டியலிலும் இல்லை' என்ற சொற்றொடர் நம் கடற்கரையில் வேறொரு கனத்தோடு ஒலிக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்துப் படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் வரை ஒதுங்கின. ஒவ்வொரு கரையிலிருந்தும் ஒரு பட்டியல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் காத்திருந்தவர்களுக்கு ஒரே வினாதான்: இந்தப் பட்டியல்களுள் ஏதாவது ஒன்றில் பெயர் இருக்கிறதா? ஒன்றில் இருந்தால் போதும், ஆள் கரையில். காணாமற்போனவர் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாப் பட்டியலிலும் இல்லாதிருக்க வேண்டும். புதிய பட்டியல் ஒன்று வர வர, 'இல்லை'கள் சில 'உண்டு' ஆகும். பட்டியல்கள் வருவது நின்ற பிறகும் சிலர் பெயர் எதிலும் வரவில்லை. எங்கள் பாடநூலில் மாணவர், ஆவணம் என்று எடுத்துக்காட்டு தருகிறார்கள். முற்றும்மை எங்கே முழுப் பாரத்தோடு வரும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இனி வேகம். நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களுக்கு எந்த வினாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். நம் மாவட்டம் முழுதுக்கும் என்றால்? 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள் தொகை 18,70,374. ஆளுக்கு ஆறு ஆவணம் என்றால் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம் வரிகள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் தேட அத்தனை வரிகளையும் தலையிலிருந்து வாசித்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆள் எண்ணும் ஆவண வகையும் சேர்ந்த ஓர் இண்டெக்ஸ் இருந்தால், அகராதியில் சொல் பார்ப்பதுபோல் மூன்று நான்கு தாவலில் இடம் கிடைத்துவிடும். இதில் வரிசை முக்கியம். ஆள் முன்னே, வகை பின்னே.

அடுத்தது, எதை முதலில் தேடுவது? இதற்குத் தோவாளைக்குப் போக வேண்டும். அங்குள்ள பூச்சந்தையில் கல்யாணப் பந்தல்காரர் ஒருவர் துண்டுச் சீட்டோடு வருகிறார். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கிரேந்தி, துளசி, தாமரை. ஏழும் ஒரே கடையில் வேண்டும். பேரம் அப்போதுதான் படியும். அவர் ஒவ்வொரு கடையிலும் நின்று ஏழையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. நடந்துகொண்டே, "அண்ணாச்சி, தாமரை கெடக்கா?" என்று ஒரே கேள்வி. "இல்லடே" என்றால் அடுத்த கடை. தாமரை உள்ள இரண்டு மூன்று கடைகளில்தான் மற்ற ஆறையும் கேட்பார். கிரேந்தியை முதலில் கேட்டிருந்தால் சந்தை முழுதும் நிற்க வேண்டியிருக்கும்; அது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறது. கல்யாணத் தரகர் ஜாதகங்களை விரித்ததும் ரஜ்ஜுப் பொருத்தத்தை முதலில் பார்ப்பதும் இவ்வகையே. அது தட்டினால் மற்ற ஒன்பதையும் பார்க்கும் சிரமம் மிச்சம். அரிதானதை முன்னே வைத்துத் தேடுவதும், ஒரு குறை கண்டதும் நிறுத்திக்கொள்வதும் இரட்டை எதிர்மறை வினாவுக்கு உகந்தவை. எண்ணும் வினாவோ ஒருவர் தவறிவிட்டார் என்று தெரிந்தும் கடைசி வரி வரை எண்ணிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எண்ணுவது எப்போதும் மட்டமா? இல்லை. பெரும்பாலோர் எல்லாம் கொடுத்துவிட்ட இடத்தில், இடையில் நிறுத்துவதால் மிச்சம் ஏதுமில்லை. ஒரே மூச்சில் படித்து எண்ணிவிடும் வழி முந்திக்கொள்ளும். பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் இருவர் 2005இல் நிறுவியது எனக்கு வியப்பளித்தது. எண்ணுதலே இல்லாமல், காட் வகுத்த அடிப்படைச் செயல்களை மட்டும் கொண்டு வகுத்தலைச் செய்ய முனைந்தால், இடையில் தோன்றும் அட்டவணை தரவின் இருமடிக்கு வளர்வதைத் தவிர்க்க முடியாதாம். எண்ணுதலைச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. தன் வினா எந்த வழியில் போகிறது என்று ஐயமுள்ளவர் வினாவுக்கு முன்னால் 'எக்ஸ்பிளைன்' என்று ஒரு சொல் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம்; கணிப்பொறி தன் பயணத் திட்டத்தை எழுதிக் காட்டும். ஊகத்தை விட அதை நம்பலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1989இல் கோயட்ஸ் கிரேஃபே என்பவர் விளக்கினார். கேட்கும் ஆவணங்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே ஆறு சிறு கட்டங்கள். ஆவணம் வர வர அதற்குரிய கட்டத்தில் ஒரு புள்ளி. முடிவில் ஆறு கட்டமும் நிறைந்தவரே விடை. ஒரே ஆவணம் இரண்டு முறை வந்தால் ஏற்கெனவே புள்ளியுள்ள கட்டத்திலேயே மறுபடியும் புள்ளி விழும், கணக்கு மாறாது.

கணிப்பொறி பரவுவதற்கு முன்பே நூலகத்தார் இதைக் கையால் செய்தார்கள். ஒரு பொருளை ஒரே தலைப்பில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1933இலேயே கோலன் பகுப்பு முறையைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அதற்கு முன் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். பல முகங்களும் ஒருங்கே பொருந்தும் நூலைத் தேட மேல்நாட்டில் 1940களில் துளை அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். தகுதிக்கு ஓர் அட்டை. நூலுக்கு அந்த அட்டையில் ஓர் இடம். தகுதி உண்டென்றால் அவ்விடத்தில் துளை.

எங்கள் ஆய்வகத்தில் பழைய கல்யாண அழைப்பிதழ்களைக் கத்தரித்து அப்படி ஆறு அட்டைகள் செய்திருக்கிறோம். அட்டைக்கு ஓர் ஆவணம், வகுப்பு வருகை எண்ணுக்கு ஓர் இடம். ஆறையும் அடுக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தால், ஆறு ஆவணமும் கொடுத்தவர்களின் இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வரும். வருமானச் சான்றிதழை இரண்டு முறை கொடுத்தவர் இடத்தில் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கையிலேயே ஊசியைக் கொடுத்து, துளைத்த இடத்திலேயே மறுபடியும் துளைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.